ஈரத் தரையைப் பார்த்துக் கையெழுத்திட்டேன்: புது வீட்டைச் சுத்தம் செய்யக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

புது வீட்டிற்குக் குடிபோவதற்கு இரண்டு நாள்கள் முன்பு, அதைச் சுத்தம் செய்து தரும் பொறுப்பை ஒரு துப்புரவு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். அந்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இத்தகையவர்கள் பெயரை எளிதாக மாற்றிக்கொள்கிறார்கள், வேலை செய்யும் விதத்தைத்தான் மாற்றிக்கொள்வதில்லை என்பதால், அந்த விதத்தை விளக்குவதே உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

விளம்பரப் படங்களில் சீருடை அணிந்த ஆறு பேரும், சக்கரம் வைத்த தூசி உறிஞ்சும் இயந்திரமும், நீண்ட கைப்பிடி கொண்ட கண்ணாடித் துடைப்பான்களும் இருந்தன. வந்தவர்கள் மூன்று பேர். அவர்களிடம் இரண்டு துடைப்பங்கள், ஒரு மாப், சில வாளிகள், பெயர்ச்சீட்டே இல்லாத ஒரு வெள்ளை கேன் ஆகியவைதான் கண்ணில் பட்டன. மேற்பார்வையாளர் என்று சொல்லிக்கொண்டவர் தொலைபேசியில்தான் இருந்தார். கேனில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "டைல் கிளீனர்தான் சார், கம்பெனி ஐட்டம்" என்றார். அந்தப் பதிலோடு நான் விட்டுவிட்டேன். பின்னால் நடந்தவற்றில் பலவற்றுக்கு அந்தக் கேன்தான் காரணம் என்பதால், என் முதல் தவறும் அதுவே.

வேலையை அவர்கள் தரையைப் பெருக்குவதிலிருந்து தொடங்கினார்கள். கட்டி முடித்த வீட்டில் இருப்பது நாம் அன்றாடம் பெருக்கும் குப்பையன்று. சிமென்ட், மணல், டைல் அறுத்த பொடி, சுவரில் பூசிய பட்டியைத் தேய்த்த மாவு ஆகியவை கலந்த தூசி அது. அதில் சிலிக்கா இருக்கிறது. மிக நுண்ணிய சிலிக்காத் துகள்கள் நுரையீரலின் அடிவரை செல்லக்கூடியவை. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் இத்தூசி தரையை விட்டு எழுந்து, மணிக்கணக்கில் காற்றில் மிதந்து, துடைத்து வைத்த அலமாரியிலேயே மீண்டும் படியும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி கொண்ட இயந்திரத்தால் உறிஞ்சி, பிறகு ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து வருவதே முறை. இயந்திரம் எங்கே என்று கேட்டபோது, வேறொரு வீட்டில் இருக்கிறது, மதியம் வந்துவிடும் என்றார்கள். அது வரவே இல்லை.

குளியலறை வேலையை மட்டும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதன் வாசலில் கைநீளத்திற்கு ஒரு வெள்ளைச் சலவைக்கல் படி உண்டு. அதில் சிந்திக் காய்ந்திருந்த சிமென்ட் துளிகளின் மேல் அந்தக் கேனிலிருந்து சிறிது ஊற்றியதும், சீறும் ஓசையோடு வெள்ளை நுரை பொங்கியது. வேலை செய்த வயதான அம்மா, "பாருங்க சார், அழுக்கு எப்படிக் கிளம்புது" என்றார். எனக்கும் அது நம்பத்தக்கதாகவே தெரிந்தது. உண்மையில் பொங்கியது அழுக்கு அன்று, கல். சலவைக்கல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது கரைந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும், அந்த வாயுவே நுரையாகத் தெரிகிறது. கேனில் இருந்தது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதாவது எல்லோரும் வெறுமனே ஆசிட் என்று சொல்லும் பொருள். (வினிகரும் எலுமிச்சைச் சாறும் இயற்கையானவை, பாதுகாப்பானவை என்று சொல்லிச் சலவைக்கல்லில் தேய்க்கச் சொல்பவர்களும் இதே சேதத்தைத்தான், சற்று மெதுவாகச் செய்கிறார்கள்.)

அதைவிடக் கடுமையான ஒன்று அடுத்த சில நிமிடங்களில் நடந்தது. ஆசிட்டைக் கழுவி விடாமலே, மணம் போக வேண்டும் என்று கூட வந்த இளைஞர் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரை அதே தரையில் ஊற்றினார். மூக்கைக் குத்தும் நெடி எழுந்தது. அந்த அம்மா இருமிக்கொண்டே, கண்களில் நீர் வழிய வெளியே வந்தார். ப்ளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு உண்டாகும் என்பதும், அது காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது என்பதால் சன்னல் சிறிதாக உள்ள குளியலறையில் தாழ்ந்தே தங்கி, குனிந்து வேலை செய்பவரையே முதலில் தாக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்தில் நான் செய்தது, அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் திறந்த வெளியில் உட்காரவைத்தது மட்டுமே. வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். "ஒன்றுமில்லை சார், பழகிப்போச்சு" என்று அவரே சொன்னதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். இழந்த பணத்தைவிட இதுதான் இன்றும் உறுத்துகிறது.

பிறகு அலுவலக வேலையாக வெளியே போய்விட்டு, மாலையில் திரும்பினேன். விளக்கொளியில் வீடு முழுவதும் ஈரமாகப் பளபளத்தது. நறுமணத் திரவம் வேறு தாராளமாகத் தெளித்திருந்தார்கள். தொலைபேசித் திரையில் "பணி முழுத் திருப்தி" என்று எழுதியிருந்த இடத்தில் விரலால் கையெழுத்திட்டு, மீதித் தொகையையும் அனுப்பிவிட்டேன். சிமென்ட் தூசியைச் சரியாக நீக்காமல் துடைத்த தரையில் மெல்லிய வெண்படலம் தங்கிவிடும்; அதன் நுண்துளைகளில் நீர் நிறைந்திருக்கும்வரை அந்த வெண்மை கண்ணுக்குத் தெரியாது, காய்ந்தால்தான் வெளிவரும். அவர்கள் மாலை வெளிச்சத்தில், தரை காய்வதற்குமுன் வீட்டை ஒப்படைத்தது தற்செயல் என்று நான் இப்போது நம்பவில்லை.

மறுநாள் காலையில் என் மனைவிதான் முதலில் உள்ளே போனார். "ஏங்க, நேத்து யாராவது வந்து சுத்தம் செஞ்சாங்களா?" என்று கேட்டார். கூடத்துத் தரையில், மாப் போன வழியெல்லாம் வளைவு வளைவாக வெண்படலம் படிந்திருந்தது. குளியலறையில் டைல்களுக்கு இடையே இருந்த க்ரௌட்டை விரல் நகத்தால் தொட்டதும் ஈர மணல் போல உதிர்ந்தது. அதுவும் சிமென்ட்தானே, ஆசிட் அதைமட்டும் விட்டுவைக்குமா? சலவைக்கல் படியில் ஆசிட் ஓடிய தடம் முழுவதும் மெருகு போய், சாக்பீஸைத் தடவுவது போலச் சொரசொரப்பாக இருந்தது. ஆசிட் படாத குழாய்களில்கூடப் பழுப்புப் புள்ளிகள் தோன்றியிருந்தன, ஏனென்றால் அதன் ஆவியே உலோகத்தை அரிக்கப் போதுமானது. சன்னல் கண்ணாடிகளில் சாய்வெயில் பட்டபோது நூல் நூலாகக் கீறல்கள் தெரிந்தன. பெயின்ட் துளிகளை நனைக்காமலே பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம், 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் அளவில் 7, சன்னல் கண்ணாடியின் கடினமோ ஏறத்தாழ 5.5. பிளேடுக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலே கண்ணாடியில் கோடு விழுந்துவிடும்.

வடிகால் அடைத்துக்கொண்டது தெரிய மேலும் ஒரு நாள் ஆயிற்று. தரையைக் கழுவிய சிமென்ட் கசடு முழுவதையும் குளியலறை வடிகாலிலேயே தள்ளிவிட்டிருந்தார்கள். சிமென்ட் உலர்வதால் இறுகுவதில்லை; நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது, ஆகவே குழாய்க்குள் தேங்கிய தண்ணீருக்கு அடியிலும் அது கல்லாகும். வடிகாலுக்கு அடியில் நீர் தேங்கி நிற்கும் வளைகுழாயை பிளம்பர் கழற்றியபோது உள்ளேயிருந்து சாம்பல் நிறக் கட்டி ஒன்று, வளைவின் வடிவத்திலேயே வந்தது.

நிறுவனத்தின் முதல் பதில், "நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்" என்பது. இரண்டாம் பதில், "இவையெல்லாம் கட்டியவர் விட்ட குறைகள்" என்பது. கட்டியவரிடம் குறைகளைச் சொல்வதற்காக அதற்கு முந்தைய வாரமே அறை அறையாக நான் எடுத்து வைத்திருந்த படங்களில் அந்தப் படியும் குழாய்களும் பளிச்சென்று இருந்ததைக் காட்டிய பிறகுதான் பேச்சின் தொனி மாறியது. நீண்ட கடிதப் போக்குவரத்திற்குப் பின் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது. சேதத்திற்கு எதுவும் வரவில்லை. அந்தப் படங்கள் இல்லாதிருந்தால் அந்தப் பகுதியும் வந்திருக்காது.

ஆகவே வேலைக்கு ஆள் வருமுன் நீங்களும் படம் எடுத்து வையுங்கள். படி, குழாய், கண்ணாடி ஆகியவற்றை நெருக்கத்தில் எடுங்கள். எந்தெந்தத் திரவம் எந்தெந்தப் பரப்பிற்கு என்பதை எழுத்தில் கேளுங்கள், பெயர்ச்சீட்டு இல்லாத கேனை வீட்டிற்குள் விடாதீர்கள். சிமென்ட் படலத்தை நீக்க சல்ஃபாமிக் அமிலம் கலந்த நீக்கிகள் உண்டு. ஆனால் அவையும் பீங்கான் டைலுக்கு மட்டுமே, அதுவும் க்ரௌட் நன்றாக இறுகிய பிறகு, இணைப்புகளை முதலில் நீரால் நனைத்து, மறைவான ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து, பின் தாராளமாக அலசிவிட வேண்டியவை. சலவைக்கல்லுக்கு எந்த அமிலமும் ஆகாது. காரமோ அமிலமோ இல்லாத நடுநிலைத் திரவமே போதும். கழுவிய கசடை வாளியில் தேங்கவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்து, அடிமண்டியைக் குப்பையாக வெளியே அனுப்பச் சொல்லுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, மீதித் தொகையைத் தரை முழுவதும் காய்ந்த மறுநாள் பகல் வெளிச்சத்தில் தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டியதில்லை. பார்க்கும்போது கதவுகளின் மேல்விளிம்பையும் சன்னல் சட்டத்தின் தடங்களையும் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். குழாய் முனையில் உள்ள சல்லடையைத் திருகிக் கழற்றினால், என் வீட்டில் வந்தது போல ஒரு தேக்கரண்டி மணல் வரக்கூடும்.

க்ரௌட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்பினோம். ஒரு கண்ணாடியை மாற்றினோம், மற்றவற்றின் கீறல்களோடு வாழப் பழகிக்கொண்டோம். படியை இயந்திரம் வைத்து மெருகேற்ற வந்தவர், ஆசிட் குழிந்து தின்ற ஓரத்தை முழுமையாகச் சமன் செய்ய முடியாது என்று தொடங்குமுன்பே சொல்லிவிட்டார்; அந்த நேர்மைக்காகவே அவருக்கு வேலையைக் கொடுத்தேன். என்னென்ன இரசாயனங்களைப் பயன்படுத்தினீர்கள் என்று துப்புரவு நிறுவனத்திற்கு நான் கடைசியாக அனுப்பிய கேள்விக்கு, "அனைத்தும் தரமான பொருள்கள்" என்று ஒரு வரி வந்தது. அவர்கள் மறந்துவிட்டுப் போன அந்த வெள்ளை கேன், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், நான் எழுதி ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டோடு இன்னும் பின்கட்டில்தான் இருக்கிறது. எடுத்துப்போக யாரும் வரவில்லை.