வருகைப் பதிவுச் செயலி: கணக்குக்கு நல்லது, ஆளை நிறுத்த உதவாது

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கும் ஆள் நிர்வாகமும் என் பொறுப்பு. நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். கைரேகை மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு, மொபைலில் ஓடும் வருகைப் பதிவுச் செயலி ஒன்றுக்கு மாறினோம். பெயர் வேண்டாம். வாங்கப்போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லது. முகத்தைப் பார்த்தே வருகை போட்டுவிடுகிறது. மருதாணி வைத்த கைக்கு மெஷின் மல்லுக்கட்டிய காலம் போயிற்று. தாமதம், பர்மிஷன், ஓவர்டைம் எல்லாம் தானாகவே சம்பளக் கணக்கில் ஏறிவிடுகின்றன. சம்பள ரசீதும் தமிழில் வருகிறது. ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஷிஃப்ட் மாற்றுவதுதான் கொஞ்சம் இழுவை.

சிக்கல் ஒரு பட்டனில் இருக்கிறது. தகவல் சொல்லாமல் மூன்று நாள் வராதவர் பெயர் சிவப்பாகும். பக்கத்தில் 'பணிநீக்கக் கடிதம் அனுப்பு' என்று வரும். அமுக்கினால், 'நீங்களாகவே வேலையை விட்டுவிட்டதாகக் கருதுகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் போய்விடும். அவ்வளவுதான், ஆள் அவுட்.

முதலாளிகளுக்கு இது பிடிக்கும். எங்கள் முதலாளிக்கும் பிடித்தது. ஆனால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆவது பிரிவு வேறு மாதிரி பேசுகிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நிறுத்த நியாயமான காரணம் வேண்டும். ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளமும் வேண்டும். ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் அனுப்புவதென்றால், விசாரணை வைத்து சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுத்தப்பட்டவர் மேல்முறையீடு போகலாம். அங்கே போய் வாட்ஸ்அப் நீல டிக்கைக் காட்டிக்கொண்டிருக்க முடியாது.

தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். டி.கே. யாதவ் வழக்கில், எட்டு நாளுக்கு மேல் வராவிட்டால் வேலை போய்விடும் என்ற நிலையாணையை (நிறுவனத்தின் பணி விதியை) காட்டி ஒரு தொழிலாளியை நிறுவனம் நீக்கியது. 'நான் வந்தேன், கேட்டிலேயே உள்ளே விடவில்லை' என்றார் அவர். நிலையாணையில் என்ன எழுதியிருந்தாலும் விசாரிக்காமல் நீக்கியது இயற்கை நீதிக்கு, அதாவது ஒருவர் தரப்பைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்ற நெறிக்கு, விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்தது. பாதிச் சம்பள பாக்கியோடு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் உத்தரவிட்டது.

எங்கள் கடையிலும் ஒரு பெயர் சிவப்பானது. சேலைப் பிரிவில் இருந்த பையன், போனும் ஸ்விட்ச் ஆஃப். "பட்டனை அமுக்கி விட்டுரும்மா" என்றார் முதலாளி. நான் அமுக்கவில்லை. தங்கியிருந்த அறைக்கும் ஊர் முகவரிக்கும், வேலைக்குத் திரும்பி வந்து காரணம் சொல்லும்படி ஒப்புகையோடு தபால் அனுப்பினேன். அறைக்குப் போனது திரும்பி வந்தது. ஊருக்குப் போனதை வீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார்கள். பதில் இல்லை. அப்புறம் குற்றச்சாட்டு மெமோ, அப்புறம் விசாரணைத் தேதி. விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வக்கீலைப் போட்டோம்; புகார் கொடுக்கும் கடையே தீர்ப்பும் சொன்னால் நன்றாக இருக்காது. பையன் வரவில்லை. இன்னொரு தேதி கொடுத்தும் வராததால், சூப்பர்வைசரிடம் வாக்குமூலம் வாங்கி, தபால் ரசீதுகளைச் சேர்த்து, எக்ஸ்பார்ட்டியாக, அதாவது பையன் இல்லாமலேயே, வக்கீல் விசாரணையை முடித்தார். அதன் பிறகுதான் பணிநீக்க உத்தரவு. வேலை செய்த நாட்களுக்கான சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டோம். இரண்டு மாதம் ஆனது. முதலாளி முணுமுணுத்தார், சரி.

விசாரணையில் இதே செயலிதான் கைகொடுத்தது. தேதி, நேரத்தோடு எடுத்த வருகைப் பிரிண்ட் நல்ல ஆவணம். ஆனால் வக்கீல் ஒன்று கேட்டார்: "பழைய பதிவை அட்மின் மாற்றினால் யார், எப்போது மாற்றினார் என்று காட்டுமா?" காட்டாது. எதிர்த்தரப்பில் யாராவது உட்கார்ந்து இதைக் கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்போம். என் கண்ணில் பட்டனைவிட இது பெரிய ஓட்டை. வாங்குமுன் டெமோவிலேயே ஒரு பதிவைத் திருத்தச் சொல்லிப் பாருங்கள்.

ஊர் முகவரிக்குத் தனி இடம் இல்லாததும் குறைதான். வாடிக்கையாளர் சேவையில் தமிழில் பேசுகிறார்கள், உடனே எடுக்கிறார்கள். பட்டனை மறைக்க முடியுமா என்று கேட்டேன். செட்டிங்கில் வழி இருந்தது, மறைத்தாயிற்று. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். திருத்த விவரம் பதிவாகும் வசதி வந்தால் நான்கு தருவேன்.