பவர் கிளீனா, எடையோடு குதிப்பதா? பல சீசன் செய்து பார்த்த ஒரு வாலிபால்காரனின் கணக்கு

பாளையங்கோட்டைப் பக்கம் வாலிபால் ஆடுகிறவனுக்கு சீசன் முடிந்தது என்று ஒன்று கிடையாது. பொங்கலுக்கு ஒரு டோர்னமென்ட். அப்புறம் ஊர் ஊராகக் கோயில் கொடைத் திருவிழா. கொடை என்றால் லைட் கட்டி ராத்திரி மேட்ச். நடுவில் ஜிம்முக்கு மிஞ்சுவது வாரத்தில் இரண்டு காலை. அந்த இரண்டு காலையில் எதைச் செய்தால் வலைக்கு மேலே கூடுதலாக நாலு விரல் எழும்பலாம் என்பதற்காகத்தான் ஒலிம்பிக் லிஃப்ட் எனும் பளுதூக்கும் பயிற்சிப் பக்கம் போனேன். அதில் ஒன்றுதான் பவர் கிளீன்: எடை மாட்டிய பாரை ஒரே வெடிப்பில் தோளுக்கு ஏற்றி வாங்குவது. பிறகு எடையோடு குதிக்கும் பயிற்சி வந்து சேர்ந்தது. இப்போது இரண்டும் ஓடுகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளையாட்டுக்காரனுக்குக் குதிப்புதான் சோறு, கிளீன் தொடுகறி.

இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஒரே நொடியில் நிமிர வேண்டும். பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் கனமான ஸ்குவாட் பலம் தரும், ஆனால் மெதுவாக ஏறும். பணகுடி பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவார்களே, அது அந்த வகை: மடிக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, மூச்சைப் பிடித்து நிதானமாகத் தோளுக்குப் போகும். பவர் கிளீனில் அந்த நிதானம் செல்லாது. வேகம் இல்லையென்றால் பார் தோளுக்கு வராது, பாதியில் நின்றுவிடும். சோம்பலாகச் செய்யவே முடியாத பயிற்சி என்பதால்தான் கோச்சுகளுக்கு அது பிடிக்கிறது. ஒருவரால் அதிகபட்சம் தூக்க முடிகிற எடையில் சுமார் 70, 80 சதவீதம் வைத்தால் கிளீனில் நல்ல வெடிப்பு கிடைக்கும். குதிப்புக்கோ அதைவிட மிகக் குறைந்த எடை போதும்.

சிக்கல் கற்றுக்கொள்வதில். எங்கள் ஊர்க் கபடிப் பையன்கள் சிலரும் என்னோடு வருவார்கள். வருகிற எல்லோரும் முதலில் செய்வது ஒன்றே: பாரைக் கையால் இழுப்பது. “அண்ணே, பாரு மேல வரமாட்டேங்கு” என்பான். “கையால இழுக்காதலே, தரைய மிதி” என்பேன். சொன்னால் புரியும், செய்யும்போது முழங்கை மறுபடி மடங்கும். பார் தொடையின் பாதியை ஒட்டி உரசிக்கொண்டு வர வேண்டும், அந்த இடத்தில் கால் வெடிக்க வேண்டும், கை கடைசியில்தான் வேலைக்கு வர வேண்டும். இது உடம்பில் உட்கார மாதக்கணக்கு ஆகும். அதுவரை பையனின் கால்கள் முழு வேலை செய்வதில்லை, பழகுகிறான், அவ்வளவுதான்.

அடுத்து சாமான். ஒலிம்பிக் பாரின் இரு முனைக் குழாய்களும் தனியாகச் சுழல வேண்டும். பாரைத் தோளுக்குத் திருப்பும்போது அதில் மாட்டிய எடை வட்டான பிளேட் சுற்றாமல் நின்றால் அந்தத் திருகல் மணிக்கட்டுக்கு வரும். நான் முதலில் வாங்கிய மலிவு பாரின் குழாய் துரு பிடித்து இறுகிப்போனது. அடிப்பவனுக்கு விரலால் பந்தை ஏற்றிக் கொடுத்து செட் பண்ணுகிறவனுக்கு மணிக்கட்டு வலி என்றால் தொழிலே போச்சு. ரப்பர் பம்பர் பிளேட் எடை எதுவானாலும் 45 செ.மீ. விட்டம், அதனால் பார் எப்போதும் ஒரே உயரத்தில் இருக்கும். சின்ன இரும்பு பிளேட் போட்டால் பார் தாழ்ந்து கிடக்கும், முதுகு வளையும். அதனால்தான் தரையிலிருந்து எடுப்பதை விட்டுவிட்டு, நின்றபடி பாரை முழங்காலுக்கு மேல் வரை இறக்கி அங்கிருந்து எடுக்கிற ஹேங் பவர் கிளீன் மட்டும் வைத்திருக்கிறோம். விளையாட்டுக்கு அது தாராளம்.

குதிப்புக்கு இந்தப் பாடு ஒன்றும் இல்லை. இரண்டு டம்பெல்லைக் கையில் தொங்கவிட்டு, கால் பங்கு உட்கார்ந்து, எழும்பு. முதல் நாளே பையன் முழு வேகத்தில் செய்வான். பாரை முதுகில் வைத்துக் குதிப்பதை நான் சேர்க்கவில்லை. உச்சியில் பார் தோளை விட்டு எழும்பி, இறங்கும்போது கழுத்தடியில் இடிக்கும். அறுகோணமாக வளைத்த ட்ராப் பார் நல்ல பொருள். நடுவில் நிற்பதால் எடை உடம்பின் நேர் கோட்டிலேயே இருக்கும். எங்களுடையது வெல்டிங் பட்டறையில் செய்தது, பார்க்க அழகில்லை, உழைக்கிறது. உடல் எடையில் பத்து, இருபது சதவீதத்தில் தொடங்குவோம். தடவைக்கு மூன்று குதிப்பு, நாலைந்து செட், நடுவில் இரண்டு மூன்று நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். அந்த நிற்பதுதான் பையன்களுக்குப் பிடிக்காது. குதிப்பு தாழ ஆரம்பித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தம். விரலில் சாக்பீஸ் தடவிச் சுவரைத் தொடுவதுதான் எங்கள் அளவுகோல். கிளீன் எடை ஏறிய மாதங்களில் அந்தக் கோடு எப்போதாவது ஏறியது. குதிப்பு சேர்த்த பிறகு தெளிவாகவே ஏறியது.

குறை என்றால் இறங்குவதுதான். வாலிபால்காரன் ஏற்கெனவே ஒரு மேட்ச்சில் எத்தனையோ முறை குதித்து இறங்குகிறவன், மேலே எடையும் சேர்ந்தால் முழங்கால் தசைநார் முனகும். கொடை மேட்ச் வாரங்களில் அதனால் குதிப்பை நிறுத்திவிட்டு கிளீனுக்குப் போய்விடுவேன். அதில் கால் தரையை விட்டு அதிகம் எழும்பாது. இல்லாவிட்டால் பெட்டி மேல் குதித்து, நடந்து இறங்குவோம்.

கபடிப் பையன்களுக்குக் கிளீனில் இன்னொரு லாபம் உண்டு. வேகமாக வரும் எடையைத் தோளில் வாங்கி, நிலைகுலையாமல் நிற்க வேண்டும். மோதி நிற்கிற ஆட்டத்துக்கு அது உதவுவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

பாரை ஒரே இழுப்பில் தரையிலிருந்து தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்னாட்ச்சை விட்டுவிட்டோம். தலைக்கு மேல் அடிக்கிற தோளுக்கு அகலப் பிடியில் இன்னொரு சுமை எதற்கு? வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் இரண்டு வகைத் தூக்கலும் சேர்த்து மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அவருக்கு அது விளையாட்டு, நமக்கு வெறும் பயிற்சி. ஜிம்முக்கு வரும் பழைய ஆட்கள் “பிரஸ் பண்ணலியா தம்பி” என்று, பாரைத் தோளிலிருந்து கை பலத்தால் தலைக்கு மேல் தள்ளுவதைக் கேட்பார்கள். பளுதூக்கும் போட்டியிலிருந்தே 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அதை எடுத்துவிட்டார்கள் என்றால் நம்ப மாட்டார்கள்.

சித்திரை வெயிலில் ஆறு மணிக்கே உள்ளங்கை வழுக்கும், மெக்னீசியம் சாக் பொடி இல்லாமல் பாரைத் தொடாதீர்கள். குற்றாலச் சாரல் காற்று இங்கே எட்டும் மாதங்களில் அந்தக் கவலை பாதி குறையும்.

புதிதாக ஆரம்பிப்பவர் முதலில் ஒரு ஜோடி டம்பெல்லும் கெட்டியான ரப்பர் விரிப்பும் வாங்கினால் போதும். அப்புறம் ட்ராப் பார். நல்ல ஒலிம்பிக் பார் கடைசி, அதுவும் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இருந்தால் மட்டும். பெண்கள் அணி என்றால் 20 கிலோ பாரை வாங்காமல் 15 கிலோ பாரைக் கேளுங்கள். பிடியும் மெலிசாக இருக்கும். கடையில் குழாயைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.