மின்னசோட்டா ஏரிக்காட்டில் சைக்கிள்: பால் பன்யனா, ஹார்ட்லேண்டா?

பால் பன்யன், ஹார்ட்லேண்ட் இரண்டுமே அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பழைய ரயில் தடத்தில் போட்ட தார்ப்பாதைகள். கோடையில் கார், லாரி எதுவும் வராது. ரயிலுக்காகச் சமன்படுத்திய தடம் என்பதால் ஏற்றமும் குறைவு.

பால் பன்யன் பாதை பெமிட்ஜி நகர் வரை 180 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. நாள்கணக்கில் ஓட்ட ஆசையா? இதுதான் சரி. ஆனால் ஹாக்கென்சாக், வாக்கர் என்ற ஊர்களுக்கு நடுவே அது ரயில் தடத்தை விட்டு விலகி, சிப்பவா தேசியக் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறி இறங்கும். தொடை வலிக்கும்; எனக்கு மிகப் பிடித்த பகுதியும் அதுதான். சிறு குழந்தைகளோடு போனால் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

ஹார்ட்லேண்ட் பாதை பார்க் ரேப்பிட்ஸிலிருந்து காஸ் லேக் வரை, சுமார் 79 கிலோமீட்டர். டார்செட், நெவிஸ், ஏக்லி என்று சிற்றூர்கள் அடுத்தடுத்து வரும். அப்புறம் லீச் ஏரிக்கரையில் வாக்கர். அதற்கு வடக்கே ஊர்கள் குறைவு, தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு முதல் முறை என்றால் ஹார்ட்லேண்டைத்தான் சொல்வேன். இரண்டு பாதைகளும் வாக்கர் அருகே சந்திக்கின்றன. அங்கேயே தங்கினால் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாம்.