மார்ஃபின் மாத்திரையா, ஃபென்டனில் பேட்ச்சா?

புற்றுநோய் வலிக்கு இந்த இரண்டில் எது என்று கேட்டால், விழுங்க முடிகிறவருக்கு முதலில் மார்ஃபின் மாத்திரைதான் என்பேன். விலை குறைவு, வலி கூடினால் டாக்டர் அளவை உடனே மாற்றலாம். தொல்லை என்னவென்றால் சாதாரண மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கணும், மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்து வேண்டும்; எங்கள் பெரியம்மாவை இரவு 2 மணிக்கு அலாரம் வைத்து எழுப்பிக் கொடுத்தோம், பாதித் தூக்கத்தில் தண்ணீர் புடவையெல்லாம் வழியும்.

தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் 72 மணி நேரம் தாங்கும், எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுப்பவருக்கு அது பெரிய வரம். ஆனால் ஒட்டியதும் வலி போகாது, பலன் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகும், ஓபியாய்டு (மார்ஃபின், ஃபென்டனில் வகை வலி மருந்து) பழகாத உடம்புக்கு ஆபத்தும்கூட. மேலே வெந்நீர்ப் பை வைத்தாலோ காய்ச்சல் அடித்தாலோ மருந்து வேகமாக இறங்கி மூச்சையே அடக்கிவிடலாம். கழற்றிய பேட்ச்சிலும் மருந்து மிச்சம் இருக்கும், குழந்தை கையில் கிடைத்துவிடக் கூடாது.

"அடிமையாகிவிடுவார்" என்ற பயம் இரண்டுக்கும் பொது. நாள்பட்ட முதுகுவலிக்கெல்லாம் ஓபியாய்டை அள்ளிக் கொடுத்து அமெரிக்கா பட்ட பாடு உண்மைதான், சரி, அதைக் காட்டி ஒரு புற்றுநோயாளியைத் துடிக்க விடுவது கொடுமை. 1985 போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் கிடைப்பதே இங்கே அரிதாகிப்போய், 2014இல்தான் திருத்தம் கொண்டுவந்து தளர்த்தினார்கள்.