லா ஃபர்மா, டெவலப்பர் கம்பெனியா? காற்றாலை, சோலார் கடன் வேலைக்கு வரும் வக்கீல்களுக்கு

காற்றாலை, சோலார் திட்டங்களின் கடன் வேலைக்கு வர நினைக்கும் ஜூனியர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். வங்கிகளுக்கு ஆலோசனை சொல்லும் பெரிய லா ஃபர்மில் சேர்வதா, திட்டத்தைக் கட்டி நடத்தும் கம்பெனியின் லீகல் டிபார்ட்மென்ட்டில் சேர்வதா? நான் முதலில் ஃபர்மில் வங்கித் தரப்பில் இருந்தேன், பிறகு தென்மாவட்டங்களில் திட்டங்கள் வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்கு மாறினேன். என் சாய்வு கம்பெனிப் பக்கம்தான், அதை வைத்தே மேலே படியுங்கள்.

சம்பளத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஆரம்ப வருடங்களில் ஃபர்ம் அதிகம் கொடுக்கும், ராத்திரிகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். மார்ச் கடைசி வாரத்தில் இரண்டு இடத்திலும் தூக்கம் கிடையாது.

ஃபர்மின் பெரிய பலம் அடிப்படைப் பாடம். ஒரு திட்டத்துக்கென்றே தனி கம்பெனி தொடங்குவார்கள். செலவில் 70, 75 சதவீதம் வரை கடன் வாங்கி, விற்கும் கரண்டில் வரும் பணத்தைக் கொண்டே அதை அடைப்பார்கள். தாய்க் கம்பெனியிடம் போய் வங்கி கை நீட்ட முடியாது என்பதால், வரும் ஒவ்வொரு ரூபாயும் எந்தக் கணக்கில் விழும், எந்தச் செலவு முதலில், வட்டி எப்போது, பங்குதாரருக்கு எப்போது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைக்கும். பங்குகளை அடமானம் வாங்கும், கடன் தவறினால் திட்டத்தை வேறு ஆளிடம் ஒப்படைக்கும் உரிமையையும் கேட்டு வாங்கும். இந்தத் துறைக்குக் கடன் கொடுக்கும் அரசு நிறுவனங்களில் இரெடாவின் ஒப்பந்தம் ஒரு மாதிரி, பிஎஃப்சியினுடையது ஒரு மாதிரி, தனியார் வங்கியினுடையது இன்னொரு மாதிரி. இத்தனையையும் கொஞ்ச காலத்தில் அடுத்தடுத்துப் பார்ப்பது ஃபர்மில் மட்டும்தான் நடக்கும்.

ஆனால் முதல் தவணைப் பணம் வெளியே போனதும் அந்த ஃபைல் உங்கள் மேசையை விட்டுப் போய்விடும். மின் கொள்முதல் ஒப்பந்தமோ பெரும்பாலும் 25 வருடம். நீங்கள் எழுதிய ஷரத்து மூன்றாம் வருடம் நின்றதா, விழுந்ததா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒன்றுதான். சிக்கல் ஃபர்மில் ஒரு வாக்கியமாக மாறும், கம்பெனியில் அதை நீங்கள்தான் தீர்க்க வேண்டும்.

நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சோலாருக்கு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய நான்கு ஏக்கர் வேண்டும். 100 மெகாவாட் என்றால் நானூறு ஏக்கர், விளாத்திகுளம் பக்கம் அது நூற்றுக்கணக்கான துண்டுப் புஞ்சை. உச்சவரம்புக்கு மேல் நிலம் வைத்திருக்க நில உச்சவரம்புச் சட்டத்தின் 37-ஏ அனுமதி, பஞ்சமி நிலமா என்ற சரிபார்ப்பு, தாய்ப்பத்திரம், வில்லங்கம், புல வரைபடம் என்று வேலை நீளும். எங்கள் திட்டம் ஒன்றில் மூன்று ஏக்கர் சொச்சம், 1993-ல் அண்ணன் தம்பிகள் மட்டும் பதிவு செய்துகொண்ட பாகப்பிரிவினை. தங்கை ஒருவர் விடுபட்டிருந்தார். அவருக்குக் கல்யாணம் ஆனது 1991-ல். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தப்படி 1989 மார்ச் 25 அன்று கல்யாணமாகாமல் இருந்த மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு. ஆக அவர் கையெழுத்தில்லாமல் அந்த உரிமை முழுசாகாது.

ஃபர்மில் இருந்திருந்தால் நான் இதற்கு ஒரு வரி எழுதியிருப்பேன்: விடுபட்ட வாரிசிடம் விடுதலைப் பத்திரம் பெற்று 90 நாளில் சமர்ப்பிக்க வேண்டும். வங்கிக்கு அது சரியான பாதுகாப்பு. ஆனால் அந்த அம்மா இருந்தது மும்பையில், அண்ணன்மாரோடு பேச்சுவார்த்தை நின்று பல வருடமாகிறது. நானும் எங்கள் லேண்ட் டீம் அண்ணாச்சியும் நேரில் போனோம். "பாகம் பிரிக்கையில ஒரு வார்த்தை சொல்லல. இப்போ கையெழுத்துக்கு மட்டும் நான் வேணுமா தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் பங்குக்கான பணத்தை அண்ணன்மார் வழியாக இல்லாமல் அவர் கணக்கிலேயே போடுவதாக எழுதிக் கொடுத்தோம். கோயில் கொடைக்கு ஊருக்கு வந்தபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானது. அந்த 90 நாள் எப்போதோ தாண்டியிருந்தது. அதற்குள் வங்கியிடம் இரண்டு தடவை கால நீட்டிப்பு கேட்டு எழுதியாயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கடன் ஒப்பந்தம் வந்தாலும், நிலம் சம்பந்தப்பட்ட நிபந்தனைக்கு 180 நாள் கேட்கிறேன், சிக்கலான துண்டை எடுத்துவிட்டு மாற்று நிலம் சேர்க்கும் உரிமையும் கேட்கிறேன். வங்கி வக்கீல் எதிர்த்தால் ஏன் வேண்டும் என்று விளக்க என்னால் முடிகிறது.

பணம் வரும் பக்கத்திலும் இதே கதைதான். 2019-ல் ஆந்திர அரசு பழைய காற்றாலை, சோலார் ஒப்பந்த விலைகளைக் குறைக்கக் கிளம்பியது. ஒப்பந்த விலையையே கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2022 மார்ச்சில். கடன் தவணைக்கென்று ஒதுக்கி வைக்கும் ரிசர்வ் வழக்கமாக ஒன்றிரண்டு காலாண்டுக்குத்தான், தகராறு ஓடியதோ இரண்டரை வருடத்துக்கு மேல். அந்த இடைவெளியில் வங்கியிடம் எதைக் கேட்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம், எந்த நோட்டீஸை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் கம்பெனிக்குள் இருக்கும் வக்கீலின் அன்றாட வேலை. 2022 ஏப்ரலில் சோலார் பேனலுக்கு 40 சதவீத சுங்கவரி வந்தபோதும் அப்படித்தான். சட்ட மாற்றத்துக்கான இழப்பீட்டு ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டும் போதாது, உரிய காலத்தில் அறிவிப்புக் கொடுத்து, இன்வாய்ஸ் இன்வாய்ஸாக மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் நிரூபிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொன்று உண்டு, குரூப் கேப்டிவ். கோவை, திருப்பூர் மில்கள் சேர்ந்து திட்டக் கம்பெனியில் 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதமாவது தாங்களே பயன்படுத்தினால் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ், அதாவது வெளியாரிடம் கரண்ட் வாங்குவோர் கட்டும் கூடுதல் கட்டணம், கிடையாது. விலைக் கணக்கே அதை நம்பித்தான். ஒரு மில் மூடினாலோ, பங்கை விற்றாலோ, எடுக்க வேண்டிய யூனிட்டை எடுக்காமல் போனாலோ தகுதி ஆட்டம் காணும், கூடவே கடனும். இதை ஒவ்வொரு நிதியாண்டும் கணக்குப் பார்க்கிறார்கள். கடன் கையெழுத்தாகும் அன்று எல்லாம் பொருந்தியிருக்கும், பிரச்சினை பின்னால்தான் வரும். அதனால்தான் கம்பெனி அனுபவத்துக்கு மறுவிற்பனை மதிப்பு அதிகம் என்கிறேன். பின்னால் ஃபர்முக்குத் திரும்பினாலும், முதலீட்டு ஃபண்டுக்குப் போனாலும், நடந்ததைப் பார்த்த ஆள் என்று உங்களை வேறு இடத்தில் வைப்பார்கள்.

கம்பெனிப் பக்கம் இழப்பு இல்லாமலில்லை. முழுநேரச் சம்பளத்துக்குப் போனால் பார் கவுன்சில் விதிப்படி பிராக்டிஸை நிறுத்திவைக்க வேண்டும். ஆப்டெல் (மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்) வரை போகும் வழக்கை நீங்கள் தயாரிப்பீர்கள், வாதாடுவது வெளி வக்கீல். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், சம்பளத்தில் இருக்கும் கம்பெனி வக்கீலுக்கு புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 132-ஆம் பிரிவுப் பாதுகாப்பு, அதாவது வக்கீல்-கட்சிக்காரர் பேச்சுக்கான ரகசியப் பாதுகாப்பு, கிடையாது என்று சொல்லிவிட்டது. உள்ளே எழுதும் மெயிலில் கவனம் வேண்டும். கோர்ட்தான் உங்கள் உயிர் என்றால் இந்த வழி வேண்டாம்.

மூன்றாவதாக இரெடா, ஆர்இசி மாதிரி கடன் கொடுக்கும் நிறுவனங்களின் சட்டப் பிரிவு. அங்கே நான் வேலை பார்த்ததில்லை, மேசையின் எதிர்ப்பக்கமிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கடன் முடியும்வரை திட்டத்தைக் கண்காணிக்கிறார்கள் என்பதால் ஃபர்மைவிட நீளமான பார்வை கிடைக்கும் என்று தோன்றுகிறது, வேலைப் பாதுகாப்பும் உண்டு. 

நேராகக் கம்பெனிக்குப் போகலாமா என்றால், வேண்டாம். மூன்று நான்கு வருடம் ஃபர்மில் இருந்து கடன் ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து எழுதக் கற்றுக்கொண்டு மாறுங்கள். மாறும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: நிலம் லீகல் டீமின் கையில் இருக்கிறதா, தனி டீம் முடித்துவிட்டுக் காகிதத்தை மட்டும் அனுப்புகிறதா? வங்கிகளோடு நடக்கும் பேச்சுவார்த்தையில் உள் வக்கீல் உட்காருகிறாரா? இரண்டுக்கும் பதில் சரியில்லை என்றால் ஃபர்மிலேயே இன்னும் கொஞ்ச நாள் இருந்து வேறு கம்பெனி பாருங்கள்.