பாடாங் செராய், கூலிம் பக்கம் வாடகை வீடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ‘வாடகைக்கு ரெடி’ பேக்கேஜ்

கூலிம், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்தில் வாடகைக்கு விடும் வீடு உங்களுக்கு இருந்தால், வீட்டைப் புதுப்பித்துத் தரும் ‘வாடகைக்கு ரெடி’ பேக்கேஜ் என்று யாராவது புலனத்தில் (வாட்ஸ்அப்) பளபளப்பான படங்களை அனுப்பினால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் அம்மாவை இப்படி ஏமாற்றிய கொன்ட்ராக்டரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வழக்கு தீர்ப்பாயத்தில் இருக்கிறது. ஆனால் அவர் வேலை செய்யும் விதத்தை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

வீடு என் அம்மாவுடையது. தோட்டத்தில் பால்மரம் சீவி, ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகும் அங்கேயே வேலை பார்த்து, கடைசியில் ஈபிஎஃப் பணத்தைப் போட்டு வாங்கிய ஒற்றை மாடி டெரஸ் வீடு. அம்மா இப்போது பட்டர்வொர்த்தில் என்னோடு இருக்கிறார். அந்த வாடகைதான் அவருடைய மருந்துச் செலவுக்கு.

1996இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்ததிலிருந்து இந்தப் பக்கத்துத் தோட்டத்து ஊர்களுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வேலைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். வாடகைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் வருகிறவர்கள் முதலில் கேட்பது குளிக்கச் சுடுநீர் ஹீட்டர் இருக்கிறதா, ஏர்கோன் இருக்கிறதா என்றுதான். எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை. குளியலறையும் பழசு. இந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கொன்ட்ராக்டர் வந்தார்.

மொத்தம் 18,500 வெள்ளி என்றார். பெயிண்ட், கிச்சன் கேபினட், குளியலறைக்குப் புது டைல், ஹீட்டர், இரண்டு அறைக்கு ஏர்கோன், ஹாலில் வினைல் தரை. “இப்போ 600 வெள்ளிக்குப் போற வீடும்மா. நான் செஞ்சு முடிச்சா 1,000 வெள்ளிக்குக் குறையாது. ஆளையும் நானே கொண்டு வர்றேன்” என்று அம்மாவிடம் சொன்னார். தமிழ் ஆள், வாய் நிறைய அம்மா அம்மா என்று கூப்பிடுகிறவர். அம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கொட்டேஷனில் பணம் கட்டும் முறையைக் கவனியுங்கள், ஏமாற்று அங்கேயே தொடங்குகிறது. வேலை தொடங்கும்போது பாதி, சாமான் வந்து இறங்கியதும் 40 சதவீதம், முடித்த பிறகு மீதி 10 சதவீதம். அதாவது டைல் பெட்டியும் பெயிண்ட் டின்னும் வாசலில் இறங்கிய அன்றே 16,650 வெள்ளி அவர் கைக்குப் போய்விடுகிறது. ஒரு டைல்கூட ஒட்டியிருக்காது. அதற்குப் பிறகு மிச்சம் 1,850 வெள்ளிக்காக அவர் எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பணம் எப்போதும் முடிந்த வேலைக்குத்தான் போக வேண்டும், இறங்கிய சாமானுக்கு அல்ல. வயர் இழுத்துக் காட்டினால் இவ்வளவு, குளியலறைத் தரையில் தண்ணீர் தேக்கிச் சோதித்துக் காட்டினால் இவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும். ஒழுங்கான கொன்ட்ராக்டர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

வேலை நடந்தபோது படங்கள் வந்துகொண்டே இருந்தன. வெள்ளைச் சுவர், மர நிறத் தரை, கேபினட்டுக்கு அடியில் எரியும் விளக்கு. எல்லாம் முடிந்த பிறகு எடுத்த படங்கள். சுவரை மூடுவதற்கு முன் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

வீடு பார்க்க அழகாக இருந்தது, அதை மறுக்கவில்லை. 950 வெள்ளிக்கு ஓர் இளம் தம்பதி குடிவந்தார்கள். இருவருக்கும் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை, கைக்குழந்தை வேறு. கொஞ்ச நாளில் அந்தப் பெண் போன் செய்தாள். “அக்கா, குளிக்கும்போது பைப்பைத் தொட்டா கை சுருக்குன்னு இழுக்குது.” ஹீட்டர் பக்கமே போகாதே, மெயின் சுவிட்சை அடைத்துவிடு என்று சொல்லிவிட்டு, பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை அனுப்பினேன்.

அவர் திறந்து பார்த்ததை அப்படியே சொல்கிறேன். உடனடி ஹீட்டர் 3.6 கிலோவாட். நம் ஊர் 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 15.6 ஆம்பியர் இழுக்கும். அதற்கு டிபி பெட்டியிலிருந்து (வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் மின்பெட்டி) தனி வயர், தனி பிரேக்கர், குளியலறைக்கு வெளியே தனி சுவிட்ச் வேண்டும். இங்கே சமையலறையில் இருந்த 13 ஆம்பியர் சாக்கெட்டின் பின்னாலிருந்து, விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரை இழுத்துச் சுவருக்குள் புதைத்திருந்தார்கள். எர்த் வயர் ஹீட்டரோடு இணைக்கப்படவே இல்லை, மடக்கி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். ஹீட்டருக்குள் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அசையவில்லை. ஈரமான இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் போட வேண்டும். எங்கள் டிபியில் இருந்ததோ வீடு கட்டிய காலத்து 100 மில்லி ஆம்பியர். மனித உடம்பில் 30 மில்லி ஆம்பியர் தாண்டிப் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலையக்கூடும். அந்த 100 இருந்தும் உயிரைக் காப்பாற்றாது என்று அந்த வயர்மேன் அண்ணன் சொன்னபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அந்தக் குளியலறையில்தான் தினமும் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்ல?” என்றுதான் கேட்டார்.

மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குளியலறையில் பழைய டைலை உடைக்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டியிருந்தார்கள். வாட்டர்ப்ரூஃபிங் என்று கொட்டேஷனில் இருக்கிறது, தரையில் இல்லை. தரை உயர்ந்ததால் சரிவு போய்விட்டது. தண்ணீர் ஓட்டைப் பக்கம் ஓடாமல் மூலையில் நிற்கும், கதவையும் அடியில் அறுத்திருந்தார்கள். பக்கத்து அறைச் சுவரில் ஈரம் ஏறிப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு காய்ந்ததும், டைல் ஒட்டுவதற்கு முன், ஓட்டையை அடைத்துக் குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்ப்பார்கள். அதை நீங்களே நேரில் நின்று பாருங்கள். நேரில் போக முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை அனுப்புங்கள்.

கேபினட் பிளைவூட் என்று எழுதியிருந்தது. சிங்க் அடியில் தண்ணீர் பட்டதும் ஊறிப் பிட்டு மாதிரி உதிர்ந்தது, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. குழாய்க்காகத் துளை போட்ட இடத்தில் விளிம்பைப் பார்த்தால் போதும், பிளைவூட்டில் அடுக்கு அடுக்காகத் தெரியும். பெயிண்ட்டும் சீலர் இல்லாமல் அடித்ததுதான். ஏர்கோன் மட்டும் பரவாயில்லை.

அந்தத் தம்பதி காலி செய்தார்கள். டெபாசிட்டை முழுசாகத் திருப்பிக் கொடுத்தோம், கடைசி மாத வாடகையும் வாங்கவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு அவர்கள் மறுபடி வீடு தேடி அலைந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

கொன்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் கேட்டால், “குடியிருக்கிறவங்க யூஸ் பண்ற விதம் அக்கா” என்றார். வயர்மேன் எடுத்த படங்களை அனுப்பினேன். பார்த்துவிட்டு என் நம்பரை அடைத்துவிட்டார். கொட்டேஷனில் போட்டிருந்த எஸ்எஸ்எம் (வியாபாரப் பதிவு) எண்ணைத் தேடினால் காலாவதியான வேறொரு வியாபாரம் வருகிறது. கட்டுமான வேலை செய்கிறவர் சிஐடிபி என்ற கட்டுமானத் தொழில் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதன் இணையத்தளத்தில் பெயர் போட்டே பார்க்கலாம். இவர் பெயர் அதில் இல்லை. வயரிங் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் சான்று உள்ள ஆள்தான் வர வேண்டும், சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

இப்போது அந்தக் குளியலறையை உடைத்துத் திரும்பச் செய்திருக்கிறோம். வீட்டை அழகு பண்ண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் குடிவருகிறவர்களை நிற்க வைப்பது கேபினட் விளக்கு இல்லை. இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்களுக்கு வெளிச்சம் புகாத திரையும் ஓடும் ஏர்கோனும் வேண்டும். மோட்டார் சைக்கிளை நனையாமல் நிறுத்திப் பூட்ட இடம் வேண்டும். நல்ல கிரில், வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர்க் குழாயும் சாக்கெட்டும், குழாயில் தண்ணீர் வேகம் குறைந்தால் ஒரு தொட்டி. எல்லாவற்றுக்கும் முதலில் வயரிங். பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடாக இருந்தால் பணத்தை முதலில் டிபி பெட்டிக்குப் போடுங்கள், மிச்சம் இருந்தால் பெயிண்ட்.

என்னைப் போலச் சிக்கியவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். கொட்டேஷன், வங்கியில் பணம் அனுப்பிய ரசீது, புலனச் செய்திகள், வயர்மேன் எழுதிக் கொடுத்த அறிக்கை, இவையெல்லாம் சேர்த்துத்தான் நான் போட்டிருக்கிறேன். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம். செய்திகளை அழித்துவிடாதீர்கள், ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கையெழுத்து வாங்கிய தாளைத் தேடி எடுங்கள்.

ஒரு விஷயம் அவசரம். இதே ஆள் எங்கள் தாமானில் இன்னும் சில வீடுகளில் வேலை செய்திருக்கிறார். அங்கெல்லாம் குடும்பங்கள் இருக்கின்றன. கதவைத் தட்டிச் சொல்லிவிட்டேன், ஆனால் லூனாஸ் பக்கமும் செய்திருப்பதாகக் கேள்வி. பேக்கேஜில் ஹீட்டர் மாட்டிய வீடு உங்களுடையது என்றால், இன்றைக்கே குடியிருப்பவர்களுக்குப் போன் போட்டு ஹீட்டர் சுவிட்சை அடைக்கச் சொல்லுங்கள். வயர்மேன் வந்து எர்த்தைச் சோதித்த பிறகு திறந்துகொள்ளலாம்.