பழைய வால்வு ஆம்ப் வாங்குவோர் கவனத்துக்கு: எனக்கு நடந்தது

சென்னையில் செகண்ட் ஹேண்ட் வால்வு கிட்டார் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைக் கண்ணாடி வால்வுகளால் பெருக்கும் பெட்டி) தேடுபவர்கள் பணத்தைக் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். பணம் போனது வருத்தம்தான். ஆனால் அந்த ஆம்ப்பில் உயிருக்கே உலை வைக்கும் ஒன்று இருந்தது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் வாங்கியது ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர். 15 வாட், மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வு, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பகுதியில் இரண்டு ஈஎல்84 வால்வு. ஆம்ப்பின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறையெல்லாம் அதை 42,000 ரூபாய்க்கு விற்ற கடை மீதுதான்.

கடையில் ஆன் செய்து ஐந்து நிமிடம் வாசித்துக் காட்டினார்கள். கதவு திறந்திருந்தது, வெளியே பஸ் சத்தம், தலைக்கு மேல் மின்விசிறி. அதுவும் வாசித்துக்கொண்டே இருந்தார்களே தவிர, ஒரு நொடி கையை எடுக்கவில்லை. "சும்மா விட்டால் எப்படி இருக்கிறது?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வீட்டில் ராத்திரி பத்து மணிக்குப் போட்டதும் தெரிந்துவிட்டது. அடியில் விடாமல் ஒரு உறுமல். இருபது நிமிடம் சூடானதும் அப்பளம் பொரிவது போலப் படபடவென்று ஒரு சத்தம். பெட்டியைத் தட்டினால் வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியது போல ஒரு ரீங்காரம். போன் செய்தேன். "வால்வு ஆம்ப்னா கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும் தம்பி" என்றார்கள். மறுநாள், "உங்க வீட்டு லைன்ல எர்த் சரியில்ல" என்றார்கள். மூன்றாவது முறை நேரில் போய் நின்ற பிறகு, "வால்வு அஞ்சும் மாத்தணும், 9,000 ஆகும்" என்றார்கள். கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து ஆம்ப் வந்தது. உறுமல், பொரிச்சல், ரீங்காரம் மூன்றும் அப்படியே இருந்தன.

அப்புறம்தான் நண்பர் ஒருவர் மூலம் புரசைவாக்கத்தில் ஒரு பெரியவரிடம் போனேன். வால்வு ரேடியோ காலத்திலிருந்து இந்த வேலை பார்ப்பவர். அவர் முதலில் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை, காதைத்தான் தீட்டினார். கிட்டாரைக் கழற்றச் சொன்னார், உறுமல் போகவில்லை. ஆகவே கிட்டாரும் கேபிளும் காரணமில்லை. வால்யூமையும் மாஸ்டரையும் பூஜ்யத்துக்கு இறக்கினார், அப்போதும் போகவில்லை. ஆகவே கோளாறு அந்த நாப்களுக்கு அப்பால், பவர் பக்கம்.

பிறகு அவர் சொன்னது எல்லா கிட்டார்காரர்களுக்கும் உதவும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த்திலோ, வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் வயரிலோ கோளாறு என்றால் பெரும்பாலும் அதே 50 ஹெர்ட்ஸ் கேட்கும். ஏசியை டிசியாக மாற்றிய பிறகு அதை வடிகட்டும் கெப்பாசிட்டர் போய்விட்டால் 100 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஸ்தாயி மேலே. கிட்டாரின் ஆறாவது கம்பியில் மூன்றாம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். அதை மீட்டிப் பார்த்தேன், உறுமலோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டது. பின்பலகையைத் திறந்தால் கெப்பாசிட்டர் ஒன்றின் தலை உப்பிப்போய் இருந்தது.

பொரிச்சலுக்கு, ஆம்ப்பை அணைத்து ஆறவிட்டு முதல் 12ஏஎக்ஸ்7-ஐ உருவினார். மறுபடி சூடாக்கியபோது சத்தம் இல்லை. தன்னிடமிருந்த நல்ல வால்வு ஒன்றை அங்கே செருகினார், சத்தம் திரும்ப வந்தது. அப்படியென்றால் அந்த வால்வு பொரியவில்லை, அதற்கு மின்சாரம் கொடுக்கும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் பொரிகிறது. ரீங்காரம் மட்டும் வால்வின் வேலை: பென்சிலால் ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினார், எங்கள் பழைய முதல் வால்வு மணி போல ஒலித்தது.

புது வால்வு ஏன் ஒலிக்க வேண்டும்? வாங்கிய அன்று நான் எடுத்த படத்தைத் தேடி எடுத்தேன். பாதி அழிந்த அதே எழுத்து, ஈஎல்84 இரண்டும் வேறு வேறு கம்பெனி, அதுவும் அதே. ஐந்தில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. 9,000 ரூபாய் வாங்கிக்கொண்டு தூசி துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இதுவரை பணக் கணக்கு. கடைசியில் பெரியவர் பிளக்கைத் திறந்தார். எர்த்துக்கான பச்சை வயரை வெட்டி, முனையில் நேர்த்தியாக டேப் சுற்றி உள்ளே மடித்து வைத்திருந்தார்கள். வேறு ஸ்பீக்கர் சிஸ்டத்தோடு சேர்க்கும்போது வரும் உறுமலை அடக்க இப்படிச் செய்பவர்கள் உண்டாம். கிட்டார் கம்பி, கேபிளின் உறை வழியாக ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. உள்ளே ஏதாவது ஒன்று சட்டத்தில் பட்டால், எர்த் இல்லாத ஆம்ப்பில் அந்த மின்சாரம் நம் கை வழியாகத்தான் இறங்கும். முந்தைய வாரம் மைக்கில் உதடு பட்டபோது எனக்குச் சுருக்கென்றது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1972-இல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் மேடையிலேயே இறந்தது, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதால்தான். அது தெரிந்தும் நான் பிளக்கைத் திறந்து பார்க்காமல் இருந்துவிட்டேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

வாங்கப் போனால் இதைச் செய்யுங்கள்: கடைக்காரர் கையை எடுக்கட்டும், கிட்டாரைக் கழற்றட்டும், அரைமணி நேரம் ஓடட்டும், நாப் ஒவ்வொன்றையும் நீங்களே திருப்புங்கள். பிளக்கின் எர்த் பின்னுக்கும் ஆம்ப்பின் சட்டத்துக்கும் இடையே மல்டிமீட்டரில் தொடர்பு இருக்கிறதா பாருங்கள், பிளக்கை உருவிவிட்டு. வால்வுகளைப் படம் எடுங்கள். பழுதுக்குக் கொடுத்தால் மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் பழக்கமில்லாமல் உள்ளே கை வைக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அந்தப் பெரியவரே ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ரெசிஸ்டர் வழியாக அதை வடித்துவிட்டுத்தான் தொட்டார்.

கெப்பாசிட்டர்கள், இரண்டு ரெசிஸ்டர், ஒரு வால்வு, ஒரே ஜோடியாக இரண்டு ஈஎல்84, புது மூன்று பின் பிளக் எல்லாம் சேர்த்துக் கூலியோடு 6,800 ரூபாய் ஆனது. மாற்றியவற்றையெல்லாம் ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். கடையில் படத்தைக் காட்டிக் கேட்டேன், பில் இருக்கிறதா என்றார்கள். துண்டுச் சீட்டுதான் தந்திருந்தார்கள், ஆனால் பணம் யுபிஐ-யில் போனது. அந்த விவரத்தோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதற்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. கவரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், வெட்டிய பச்சை வயரும் அதில் இருக்கிறது.